நடுவில் யாரும் பார்க்காத அளவு

லிபியா, ஓசூரில் தகடு வெட்டும் அச்சுகளான பிரஸ் டூல் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியின் டிசைன் அறையில் எட்டு வருடமாக இருந்தாள். வரைபட மென்பொருளுக்குள் இருந்த லிஸ்ப் மொழியைத் தானாகவே கற்றுக்கொண்டவள். அதில் ஒரு ஃபங்ஷனின் விடையை அடுத்ததற்குக் கொடுக்க, அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாகப் போட்டு, உள்ளேயிருந்து வெளியே படிக்க வேண்டும். மற்றவர்களுக்குத் தலை சுற்றியது. லிபியா ஒரு மேக்ரோ எழுதினாள். ஃபங்ஷன் பெயர்களை வரிசையாகச் சொன்னால் போதும், மேக்ரோ கோத்துவிடும்: வடிவத்தை எடு, துளைக்கு வேண்டிய இடைவெளி சேர், மூலையை வளை, மெல்லிய கம்பியால் இரும்பை வெட்டும் ஒயர்கட் மெஷினுக்குக் கோப்பு எழுது. அரைநாள் வேலை ஒரே பட்டனில் முடிந்தது.

2006 ஜூலையில் ஒரு டை பிளேட், அச்சின் அடித்தகடு, பாழானது. துளை பெரிதாகிவிட்டது. காகித வரைபடத்தில் அளவு சரியாக இருந்ததால், மெஷின் ஓட்டிய தீர்த்தகிரிதான் கம்பி எவ்வளவு தள்ளி வெட்ட வேண்டும் என்ற ஆஃப்செட் எண்ணைத் தப்பாகப் போட்டான் என்று மேனேஜர் எபினேசர் முடிவுகட்டினார். வெள்ளிக்கிழமை வரவேண்டிய, வேலை நிரந்தரமாகிறவர்களின் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடித்தார். மூன்று வருடக் கான்ட்ராக்ட் ஆள்.

"பாத்துப் போட்டிருக்கலாமில்ல?" என்றாள் லிபியா, கேன்டீனில்.

"நீங்களுமாக்கா? எப்பவும் போடறதுதான் போட்டேன். மெஷினுக்கு வாயிருந்தா அதாச்சும் எனக்காகப் பேசும்."

லிபியா டிபனை மூடினாள். அறைக்குப் போய், மேக்ரோவை விட்டுவிட்டு ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனித்தனியாக ஓட்டினாள். இடைவெளி சேர்ந்த அளவு சரி. மூலையை வளைத்ததும் அது மறுபடி கூடியது. போன வாரம் வேறொரு வேலைக்காக, மூலை ஃபங்ஷனுக்குள்ளேயே இடைவெளியையும் சேர்த்து எழுதியிருந்தாள். கோத்து ஓட்டும்போது கடைசி விடை மட்டும்தான் வெளியே வரும். நடுவில் என்ன நடந்தது என்று அவளும் பார்க்கவில்லை.

சத்தமில்லாமல் திருத்திவிடலாம். அந்த அடைப்புக்குறிகளைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே வேறு யாருமில்லை. படிப்படியான அளவுகளை அச்சடித்து, கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனாள்.

எபினேசர் நிமிராமலே கேட்டார். "வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏம்மா தூக்கிட்டு வர்ற? உன்ன டிசைன் லீடராப் போடச் சொல்லி எழுதியிருக்கேன். அது போயிடும், பரவால்லையா?"

"அவன் பேர் லிஸ்ட்ல இல்லியே சார்."

வெள்ளிக்கிழமை ஒட்டிய பட்டியலின் அடியில் தீர்த்தகிரி என்று பேனாவால் எழுதியிருந்தது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் லிபியாவின் பட்டனை எடுத்துவிட்டார்கள். டிசைன் லீடர் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

தீர்த்தகிரி வாசல்வரை வந்து நின்றான்.

"மூணு நாளா என் கையவே நம்பலக்கா," என்றான். "ஒரே நம்பர நாப்பது வாட்டி பாத்திருப்பேன்."

லிபியா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை.