பொட்டு வைத்த பேட்டரி

சிங்கப்பூரின் ஈசூன் பேட்டையில் சிதம்பரத்தை அறியாதவர்கள் இருக்கலாம். அவரிடமிருந்து வாட்ஸ்அப் எச்சரிக்கை பெறாதவர்கள் இருக்க முடியாது. கப்பல் பட்டறையில் இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பாதுகாப்பு மேற்பார்வையாளர். 'தரை ஈரம்', 'தலை கவனம்' என்று பலகை மாட்டிய கை வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? லிஃப்டில் சிக்கும் சேலை, வெடிக்கும் பலாக்கொட்டை, வராத வெள்ளம் என்று 'ஈசூன் உறவுகள்' குழுவின் நூற்று நாற்பது பேரையும் அவர்தான் இதுவரை உயிரோடு வைத்திருக்கிறார். ஒருவரும் நன்றி சொன்னதில்லை. உயிரோடு இருப்பவர்கள் அப்படித்தான்.

சமூக மன்றத்தில் ஆண்டுதோறும் நடக்கும் தமிழ்ப் புதிர்ப் போட்டிக்கும் அவரே நடத்துநர். சென்ற ஆண்டு மூன்றாம் மாடி அணியும் ஒன்பதாம் மாடி அணியும் சமநிலையில் நிற்க, கடைசிக் கேள்வி திரையில் வரும் நேரத்தில் யாரோ ஒயரை இடறினார்கள். பேட்டரி செத்து மாதக்கணக்காகியிருந்த மடிக்கணினி அக்கணமே கண்ணை மூடியது. விடை எங்களுக்குத்தான் தெரியும் என்றன இரண்டு அணிகளும், கேள்வியே தெரியாமல். அன்றிலிருந்து அந்த இரண்டு மாடிக்காரர்களும் ஒரே லிஃப்டில் ஏறுவதில்லை.

"இந்த வருஷமும் படுத்துச்சுன்னா மைக்க வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம். மன்றத்துல பேசிக்கிறாங்க," என்றார் மனைவி சரசு. போட்டி மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

சிதம்பரம் தேக்கா பக்கத்தில் கணினிக் கடை வைத்திருக்கும் ஜாஃபரை அழைத்தார்.

"பழைய பேட்டரியக் கையோட கொண்டாங்கண்ணே. அதுல இருக்கற நம்பரப் பாத்துத்தான் குடுக்க முடியும். நாலு மணிக்குக் கடைய அடைச்சிருவேன்."

மடிக்கணினியின் அடியில் இருந்த எழுத்துகள் பத்தாண்டு மடிச்சூட்டில் அழிந்துவிட்டன. எனவே பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அதன் முதுகில் ஓரமாகச் சந்தனமும் குங்குமமும் இருந்தன. போன வாரம் சரஸ்வதி பூஜை. "செத்தாலும் ஆயுதம் ஆயுதந்தானே," என்று பேட்டரிக்கும் தனியாகப் பொட்டு வைத்தவர் சரசு.

தேக்கா நிலையத்தின் உணவங்காடியில் மதிய உணவு நேரக் கூட்டம். ஒரே ஒரு மேசை காலி. மேசைமீது ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டால் இத்தீவில் அது பட்டா போட்ட நிலம். வேறு எவரும் உட்கார மாட்டார். சிதம்பரம் பைகளைத் துழாவினார். டிஷ்யூ இல்லை. கைக்கு அகப்பட்டது பேட்டரிதான். அதை மேசையின் நட்டநடுவில் வைத்துவிட்டுப் பிரியாணி வரிசையில் போய் நின்றார்.

இருபது நிமிடம் கழித்துத் தட்டோடு திரும்பியபோது வழியெல்லாம் தலைகள்.

"செய்வினைங்க! குங்குமத்தப் பாருங்க, சந்தனம் வேற," என்றது ஒரு பெண் குரல்.

"செய்வினையும் இல்ல, கிய்வினையும் இல்ல. பாம் லா! கருப்பா, சப்பையா இருக்கு பாரு."

"பாமுக்கு யாருய்யா பொட்டு வைப்பா?"

"நம்மாளு செஞ்ச பாமா இருக்கும்."

முன்னால் நின்றவரின் தோளைத் தொட்டு, "என்ன விஷயம்?" என்றார் சிதம்பரம்.

"சந்தேகப் பொருள்ணே."

இருபத்தெட்டு ஆண்டு அனுபவம் விழித்துக்கொண்டது. ஒரு கையில் தட்டு, மறுகையில் கைப்பேசி. தலைகளுக்கு மேலே தூக்கி ஒரே ஒரு படம். என்ன படம் விழுந்தது என்று பார்ப்பதற்குள் மக்கள் மடிந்துவிடக்கூடும் அல்லவா? உடனே குழுவில் போட்டார்: 'தேக்காவில் மர்மப் பொருள். யாரும் வரவேண்டாம். பகிரவும்.' பிறகு பாதுகாப்பான தொலைவில், தூணுக்குப் பின்னால் நின்று பிரியாணியை முடித்தார்.

அதற்குள் துப்புரவு செய்யும் சீன மூதாட்டி தள்ளுவண்டியோடு கூட்டத்தைப் பிளந்து வந்தார். பொருளைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார்.

"அய்யய்யோ, பேட்டரி லா!"

சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதைக் கொண்டுபோய் வாசலோர மின்கழிவுத் தொட்டியில் போட்டார். கூட்டம் கைதட்டியது. தூணுக்குப் பின்னாலிருந்து சிதம்பரமும் கைதட்டினார்.

கூட்டம் கலைந்த பிறகு தம் மேசையைத் தேடிப் போனார். மேசை இருந்தது. பேட்டரி இல்லை. ஒன்பதாம் மாடியிலிருந்து லிஃப்ட் கீழே வரும் நேரம் ஆனது அவருக்கு விஷயம் விளங்க.

ஓடிப்போய்த் தொட்டியின் துவாரத்தில் கண்ணை வைத்தார். உள்ளே இருட்டு. வெளியே 'உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' என்று எழுதியிருந்தது. அவர் வாழ்நாளில் பெற்ற முதல் நன்றி அது.

மூன்றே முக்காலுக்கு ஜாஃபரின் கடையில் நின்றார்.

"நம்பரும் இல்ல, பேட்டரியும் இல்லயா?" ஜாஃபர் அலமாரியைக் காட்டினார். "இங்க நூறு வகை இருக்கு. எதுன்னு நான் கண்டுபிடிக்கணும். இதுதான் உங்க புதிர்ப் போட்டியாண்ணே?"

சிதம்பரம் பதில் சொல்வதற்குள் கைப்பேசி அடித்தது. சரசு.

"ஏங்க, குரூப்ல ஒரு மர்மப் பொருள் போட்டிருக்கீங்களே, அதுக்கு நான் வச்ச பொட்டு எப்படி வந்துச்சு?"

அழைப்பைத் துண்டிக்காமலே சிதம்பரம் அந்தப் படத்தை முதல்முறையாகத் திறந்து பார்த்தார்.

"பெருசாக்கிப் பாத்தேன். அதுல நம்பர் கூட நல்லாத் தெரியுது."

ஜாஃபர் படத்தை வாங்கி, விரலால் விரித்து, எண்ணைப் படித்து, மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

"சொந்த பேட்டரியவே பாம்னு ஊருக்குச் சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தாண்ணே."

"நான் பாம்னு எழுதல. மர்மப் பொருள்னுதான் எழுதுனேன்," என்றார் சிதம்பரம், கம்பீரம் குறையாமல்.

ரயிலில் உட்கார்ந்ததும் குழுவுக்கு அறிவித்தார்: 'மர்மப் பொருள் பாதுகாப்பாக அகற்றப்பட்டது. அச்சம் வேண்டாம்.' ஈசூன் வருவதற்குள் நாற்பது கும்பிடுகள் வந்திருந்தன.

மறுநாளும் கடைசிக் கேள்வியில் யாரோ ஒயரை இடறினார்கள். திரை இமைக்கவில்லை. ஒன்பதாம் மாடி வென்றது. அடுத்த ஆண்டும் மைக் சிதம்பரத்துக்கே என்று மேடையிலேயே அறிவித்துவிட்டார்கள்.

ஆனால் மடிக்கணினியை மூடி எடுக்கும்போது, புதுப் பேட்டரியின் முதுகில் சரசு வைத்திருந்த பொட்டை மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் பார்த்துத் தொலைத்தார். ஒன்பதாம் மாடி செய்வினை வைத்து ஜெயித்ததாக இப்போது புகார். லிஃப்ட் இன்னமும் தனித்தனிதான்.