வாய்க்கால் தாண்டிப் போட்ட தீனி

சீசருக்குக் கறி வெட்டுவது நாச்சியம்மாளின் வேலை. விடிந்ததும் வாய்க்காலுக்கு அக்கரையில் இருக்கும் பிராய்லர் கடைக்குப் போய், கழித்துப் போட்ட கோழிக் கழுத்தும் காலும் வாங்கி வருவாள். மாட்டுச்சாளைக்குப் பின்னால் புளியங்கட்டையில் வைத்துத் துண்டு போட்டு, அப்படியே பச்சையாக வட்டிலில் வைப்பாள். உப்பு கிடையாது, மஞ்சள் கிடையாது, அடுப்பில் ஏற்றவே கூடாது. ஆரம்பத்தில் மனசு கேட்காமல் மஞ்சள் தண்ணீரில் அலசிப் போட்டாள். நாய் அவள் முகத்தையும் வட்டிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது.

நாய் மகன் மதன்குமாருடையது. கோயமுத்தூரில் குட்டியாக வாங்கி வந்து விட்டுவிட்டு அவன் பெங்களூர் வேலைக்குப் போய்விட்டான். சோறும் பாலும் ஊற்றி வளர்த்ததில் குட்டிக்கு முடி கொட்டி, தோலெல்லாம் புண்ணாயிற்று. டாக்டர் சொல்லிப் பச்சைக்கறிக்கு மாற்றிய பிறகுதான் மேல் மினுமினுத்தது. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் மகன் முதலில் கேட்பது சீசரைத்தான். பல வாரம் கடைசியில் கேட்பதும் அதைத்தான். நாய் இருக்கிறவரை மாதம் ஒருமுறையாவது வருவான் என்று நாச்சியம்மாளுக்குத் தெரியும்.

பங்குனியில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நோம்பி சாட்டினார்கள். செவ்வாய்க்கிழமை கோயில் முன்னால் கம்பம் நட்டாயிற்று. அதைப் பிடுங்கும்வரை பதினைந்து நாள் ஊருக்குள் கவிச்சி வாடையே வரக்கூடாது. அவள் வீட்டுக்காரர் பாலுசாமி இந்த வருடம் காப்புக் கட்டியிருந்தார். நெருப்பு வளர்த்த பூவோட்டைக் கையில் ஏந்திக் கோயிலுக்குப் போகும் வேண்டுதல், மூன்று வருடமாகத் தள்ளிப்போய் இப்போதுதான் கூடி வந்திருந்தது.

சீசர் தயிர்ச்சோற்றை மோந்து பார்த்ததோடு சரி. பாலைக் குடித்துக் கக்கியது. மூன்றாம் நாள் காதைப் பிறாண்ட ஆரம்பித்தது. கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போன இடத்தில் எதிர்வீட்டுக் காளியாத்தாள் சிரித்தாள். “ஏனுங்கக்கா, உங்கூட்டு நாயும் காப்புக் கட்டியிருக்குதுங்களா? எலும்பெண்ணலாமாட்ட நிக்குது.”

நாலாம் நாள் நாச்சியம்மாள் ஒரு கணக்குப் போட்டாள். கட்டுப்பாடு இந்த ஊருக்கு. வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் வேறு ஊர். நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு போய் அக்கரையிலேயே தீனி போட்டாள். அதைத் தண்ணீரில் இறக்கிக் குளிப்பாட்டி, தானும் சேலையோடு முழுகிவிட்டு வீடு வந்தாள். ஐந்து நாள் அப்படியே நடந்தது. திரும்பும்போது சீசர் யாரையும் பார்த்துக் குரைக்காமல் வாயை இறுக்கி மூடிக்கொண்டு முன்னால் நடந்தது. வயிறு நிறைந்தால் நாய்க்கும் அடக்கம் வந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த நாள் வாசல் கூட்டும்போது முருங்கை மரத்தடியில் மண் கிளறிக் கிடந்தது. விளக்குமாற்றால் தள்ளினாள். மூன்று கோழிக்கால்கள்.

காகிதத்தில் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டு ஓடி, வாய்க்காலுக்கு அப்பால் எறிந்தாள். வந்து சாணி தெளித்தாள், மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். உட்காரவே முடியவில்லை. வேறெங்கும் புதைத்திருக்குமோ என்று மாட்டுச்சாளையைச் சுற்றிக் குச்சியால் குத்திக்கொண்டே இருந்தாள். சட்டியில் பருப்பு தீய்ந்தது.

மறுநாள் காளியாத்தாள் மகள் வர்ஷினிக்குக் காய்ச்சல். மத்தியானத்துக்குள் அம்மை முத்துப் போட்டுவிட்டது. எதிர்வாசலில் வேப்பிலை செருகினார்கள்.

“எந்த ஊட்டுக்காரி கவிச்சி பொழங்குனாளோ, எம்புள்ள படுத்துக் கெடக்குது,” என்று குழாயடியில் பொதுவாகத்தான் சொன்னாள் காளியாத்தாள். நாச்சியம்மாள் குடம் நிறையும் முன்பே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அம்மை சும்மாவும் வரும், போன மாதம் பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு வந்தது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சொல்லி முடிப்பதற்குள் எழுந்து போய் எதிர்வாசலை எட்டிப் பார்த்தாள்.

சாயங்காலம் பாலுசாமி உள்ளறையில் உட்கார்ந்து மறுநாள் பூவோடு எடுக்க உடுத்தும் மஞ்சள் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார். அவள் கதவோரம் நின்றே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

“வாயில அடக்கிட்டு வந்திருக்குதுங்க. நாம் பாக்கலீங்க.”

“ஆருக்கெல்லாம் தெரியும்?”

“ஆருக்கும் தெரியாதுங்க.”

“அப்பறம் எங்கிட்ட எதுக்குச் சொன்னே?”

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

“நாளைக்கு நெருப்பக் கையில ஏந்தப்போறது நீங்கதானுங்களே.”

அவர் மடித்த வேட்டியை உதறி, மறுபடியும் மடித்தார்.

“பூசாரிகிட்டச் சொல்லிப் பரிகாரம் கேட்டுப்போடட்டுங்களா? சொன்னா உங்களப் பூவோடு எடுக்க உடமாட்டாங்க, தெரியும். சொல்லாம இருந்து அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நா காளியாத்தா மூஞ்சில எப்படிங்க முழிப்பேன்?”

பாலுசாமி எழுந்தார். வேட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாசல்நிலையில் தலை இடிக்காமல் குனிந்து, அவளைத் தாண்டி வெளியே போய், பூசாரி வீட்டுப் பக்கம் நடந்தார்.