சந்தனப் பொட்டு வைத்த பேட்டரி

நாலைந்து வருடம் இருக்கும். கடல் தாண்டி எரியும் காட்டின் புகைமூட்டம் கடுமையாக இருந்த ஒரு வாரம், ஆயுத பூசைக்கு மறுநாள் நடந்தது. அப்போது கிள்ளான் பக்கம் மேரு என்ற ஊரில் ஒரு கிடங்கில் ஜாகா வேலை பார்த்தேன். வாசல் காவல். காலை ஏழு முதல் மாலை ஏழு வரை.

அங்கே வந்துபோகும் லோரி ஓட்டுநர்களில் ஒரு அண்ணன் எனக்கு நெருக்கம். வீடு போர்ட் கிள்ளானில். அறுபதைத் தொடும் வயது. அவர் ஓயாமல் பேசுவார். நான் பேச மாட்டேன். அதனால் ஒத்துப்போனது.

இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி ஸ்மார்ட்போன். பழைய மாடல். பின்மூடியை நகத்தால் நெம்பினால் பேட்டரி கையோடு வரும். ஒரே நாளில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் வாங்கினோம். ஆளுக்கு ஒரு உபரி பேட்டரியும், அதைத் தனியாக ஏற்ற ஒரு கிளிப் சார்ஜரும் வாங்கினோம். துணிக்குப் போடும் கிளிப் மாதிரி பேட்டரியைக் கவ்விக்கொள்ளும். உள்ளே இரண்டு கம்பி முனைகள். அவை பேட்டரியின் தகட்டைத் தொட வேண்டும். ஏறும்போது சிவப்பு எரியும். நிறைந்தால் பச்சை.

கடைக்கார அக்கா சில விஷயம் சொன்னார். முழுசாகத் தீர விடாதே. நிறைந்த பிறகும் போட்டு வைக்காதே. வெயிலில் வைக்காதே. சும்மா இருக்கும் பேட்டரியைப் பாதி ஏற்றி வை. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். பள்ளியில் சொன்னது எதுவும் நினைவில் இல்லை. இதை மட்டும் மறக்கவில்லை.

அண்ணன் கேட்க மாட்டார். போனை டேஷ்போர்டில் வெயிலில் போட்டு வைப்பார். பவர் பேங்க் ஒன்றையும் அப்படியே போட்டு வீங்க வைத்தார். லோரியில் சார்ஜர் சொருகும் ஓட்டையும் வேலை செய்யாது. அதனால் அவருடைய உபரி பேட்டரி என் காவல் அறையில்தான் ஏறும். காலையில் வந்தால் காலியானதைக் கொடுப்பார், நிறைந்ததை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

"டாக்டரு, என் நோயாளி எப்படி இருக்கு?" என்று கேட்பார்.

"நீங்க வெயில்ல போடாம இருந்தா நல்லா இருக்கும்."

"எனக்கே ஏர்கோன் இல்ல. அதுக்கு வேணுமாம்."

ஆயுத பூசை அன்று கிடங்கில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். போர்க்லிப்ட், தராசு, லோரி. அவரவர் வேலைக்கு உதவுவது எதுவோ அதற்கு. என்னிடம் இருந்தது ஒரு டார்ச் லைட், ஒரு வருகைப் புத்தகம், கிளிப் சார்ஜர்கள், இரண்டு உபரி பேட்டரி. எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்தேன். பேட்டரியின் தலைப்பக்கம் வைத்தேன். தகடு இருக்கும் பக்கம் அதுதான். அது கெடுதல் என்று எனக்குத் தோன்றவில்லை. தலையில்தானே பொட்டு வைப்போம்.

மறுநாள் காலை இரண்டு பேட்டரியையும் சார்ஜரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தேன். இரண்டிலும் பச்சை. சீக்கிரம் நிறைந்துவிட்டதே என்று ஒரு சந்தோஷம். சாமி கும்பிட்டது வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

பதினோரு மணிக்கு அண்ணன் சாமானை இறக்கிவிட்டுக் கிளம்பினார். அடுத்து காப்பார் என்ற ஊரில் சாமான் ஏற்ற வேண்டும். நெருப்பு வைத்த காட்டுக்குள் நிற்பது போல இருந்தது வெளியே. சூரியன் பப்பாளித் துண்டு மாதிரி தெரிந்தது. எதிரில் இருக்கும் கிடங்கு தெரியவில்லை. ஒரு வாரமாகக் காக்கைச் சத்தம்கூட இல்லை.

பேட்டரியைக் கொடுத்தேன். பொட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுக்குமா? மால போடலியா?"

"புல்லா இருக்கு. ரெண்டு நாள் தாங்கும்."

"டாக்டரு சொன்னா சரி" என்று பையில் போட்டுக்கொண்டு போனார். லோரியின் பின் விளக்கு இருபது அடியில் மறைந்தது.

ஒரு மணிக்குச் சோறு சாப்பிட உட்கார்ந்தேன். போன் ஒரு தடவை அடித்து நின்றது. அண்ணன் நம்பர். திருப்பி அடித்தேன். தொடர்பு கிடைக்கவில்லை என்று மலாயில் பதிவுக் குரல் வந்தது. தெரியாமல் கை பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்றே முக்காலுக்கு மறுபடி. இந்த முறை உடனே எடுத்தேன். பேச்சு இல்லை. டிக், டிக் என்று ஒரு சத்தம் மட்டும். லோரி சிக்னல் போட்டால் உள்ளே கேட்குமே, அந்தச் சத்தம். அண்ணே என்றேன். அறுந்துவிட்டது. திருப்பி அடித்தால் அதே மலாய்க் குரல்.

அலுவலகத்தில் கணக்கு எழுதும் அக்கா வெளியே வந்தார். முகமூடி போட்டிருந்தார். அவரிடம் சொன்னேன். அவர் காப்பாருக்கு அடித்துக் கேட்டார். லோரி வரவில்லை.

"புகையில எல்லா லோரியும் லேட்டுதான் தம்பி. ஜாம்ல நிப்பாரு."

"போன் ஏன் ஆஃப் ஆகுது?"

"பேட்டரி வீக்கா இருக்கும் லா."

"நான்தான் புல்லா ஏத்திக் கொடுத்தேன்."

அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அக்கா உள்ளே போனார்.

என் போனில் ஒன்பது சதவீதம்தான் இருந்தது. இன்னொரு உபரி பேட்டரி சார்ஜரில் பச்சை காட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மாற்றினேன். பொத்தானை அழுத்தினேன். போன் எழவில்லை. மறுபடி அழுத்தினேன். எழவில்லை.

பேட்டரியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். சந்தனம் வழிந்து தகட்டின் மேல் காய்ந்து ஏடு மாதிரி ஒட்டியிருந்தது. கிளிப்பின் கம்பி தகட்டைத் தொடவே இல்லை. காலிச் சார்ஜரைப் பிளக்கில் சொருகிப் பார்த்தேன். பேட்டரியே இல்லாமல் பச்சை எரிந்தது.

அண்ணன் கையில் நான் கொடுத்ததும் இதே மாதிரி ஒன்று. ஏறாத பேட்டரி. அதற்கு ரெண்டு நாள் தாங்கும் என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

பழைய பேட்டரியைத் திரும்பப் போட்டு என் போனை எழுப்பினேன். லைன் கிடைத்த அந்த நிமிடமே அது அடித்தது. அண்ணன் நம்பர்.

எடுத்தேன். பறவைகள்.

ஒன்று இரண்டு இல்லை. நூற்றுக்கணக்கில் கீச்சுக் கீச்சு என்று காதுக்குள் கொட்டியது. அண்ணே, அண்ணே என்றேன். மூச்சுச் சத்தம்கூட இல்லை. பறவைகள் மட்டும். வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தேன். எங்கேயும் ஒரு பறவை இல்லை. சாம்பல்தான். முந்தைய இரண்டும் சில வினாடியில் அறுந்தன. இது அறுந்துபோகவில்லை. ஒரு நிமிடம் போல ஓடியது.

நடுவில் அந்தச் சத்தம் டக்கென்று வெட்டி, மறுபடி முதலில் இருந்து தொடங்கியது. அதற்குப் பிறகுதான் நின்றது.

அந்த வெட்டு எனக்குத் தெரியும். ஜாகா வேலைக்கு வந்த புதிதில், சாப்பிட விற்கும் கூட்டை எடுப்பதற்காகக் குருவி வளர்க்கும் ஒரு கட்டடத்தில் ஆறு மாதம் காவல் இருந்தேன். சன்னல் இல்லாத மூன்று மாடி. குருவிகளை இழுப்பதற்குக் கூரையில் ஸ்பீக்கர் வைத்து, பதிவு செய்த குருவிச் சத்தத்தை நாள் முழுக்கப் போடுவார்கள். அந்தப் பதிவில் ஒரு வெட்டு விழும். முதலாளியிடம் சொன்னேன், குருவிக்குத் தெரியாது என்றார். ஆறு மாதம் அந்த வெட்டைக் கேட்டவன் நான். அந்தக் கட்டடம் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில், காப்பாருக்குப் போகும் குறுக்குப் பாதையில் இருக்கிறது. லோரி போகக் கூடாத பாதை. அண்ணன் போவார்.

என்னோடு காவல் இருந்தவர் ஒரு நேபாளி. இடத்தை விட்டுப் போனால் எனக்கு வேலை போகும், அது அவருக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்தார். "பெர்கி லா, பாங்" என்றார். போ அண்ணே என்று அர்த்தம். மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

குறுக்குப் பாதையில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. இரண்டு பக்கமும் பனைகள் நிழலாக நின்றன. ஓரிடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காது கொடுத்தேன். தூரத்தில் குருவிச் சத்தம். அதைப் பிடித்துக்கொண்டு போனேன். சத்தம் ஏறிக்கொண்டே போனது. ஆயிரம் பறவை கத்துகிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டடம்கூடத் தெரியவில்லை. பிறகு கீழே, தண்ணீர் ஓடும் பெரிய வாய்க்கால் பக்கம், மஞ்சள் விளக்கு ஒன்று விட்டு விட்டு எரிந்தது.

லோரி தலைகுப்புற வாய்க்காலுக்குள் இறங்கி நின்றது. அண்ணன் இருக்கையில் இருந்தார். டேஷ்போர்டு உள்ளே நசுங்கி வலது காலைக் கவ்வியிருந்தது. முழங்கால் வரை தண்ணீர். தண்ணீர் சிவப்பாக இருந்தது. கண்ணைத் திறக்க அவருக்கு நேரம் பிடித்தது.

"டாக்டரு" என்றார். "உங்க புல் பேட்டரி ஏறவே இல்ல."

பையிலிருந்து போனை எடுத்தேன்.

என் போனில் ஆறு சதவீதம். அவசர எண்ணுக்கு அடித்து இடம் சொன்னேன். திரை வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தேன். டேட்டாவை அடைத்தேன். ஓடிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் மூடினேன். புகையில் வழி தெரியாமல் அவர்கள் மூன்று முறை கூப்பிட்டார்கள். ஐந்து. நான்கு. இரண்டு. மூன்றாவது முறை, குருவிச் சத்தம் கேட்கிறதா, அதைப் பிடித்து வாங்க என்றேன். அதற்குப் பிறகு போன் அணைந்துவிட்டது. என் பெல்ட்டால் அவர் தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் தூங்கப் பார்த்தார். தூங்க விடவில்லை. வாழ்க்கையில் நான் அதிகம் பேசியது அன்றைக்குத்தான். பேட்டரியைப் பற்றித்தான் பேசினேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

தீயணைப்பு ஆட்கள் வந்து தகரத்தை வெட்டி அவரை எடுத்தார்கள். பிறகு நான் உள்ளே கைவிட்டு அவர் போனைத் தேடினேன். தண்ணீருக்கு அடியில், பெடலுக்குப் பக்கத்தில் கிடந்தது. பின்மூடி இல்லை. பேட்டரியும் இல்லை. பேட்டரி அந்தப் பக்கக் கதவோரம் சேற்றில் இருந்தது. நான் கொடுத்தது அவர் சட்டைப் பையில் இருந்தது. பொட்டு அப்படியே இருந்தது.

கால் பிழைத்தது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் ஆளே சந்தேகம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான்காம் நாள் போய்ப் பார்த்தேன். சந்தன விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"சாமிக்குப் பண்ணதுதானே, விடுங்க" என்றார்.

பிறகு நடந்ததைச் சொன்னார். விழுந்த கொஞ்ச நேரத்தில் போன் அணைந்தது. நான் கொடுத்ததைப் போட்டார், எழவில்லை. பழையதையே திரும்பப் போட்டார். செத்த பேட்டரி சற்று ஓய்ந்தால் கொஞ்சம் எழும், அது எனக்குத் தெரியும். எழுந்ததும் எனக்கு அடித்தார், அணைந்தது. காத்திருந்து மறுபடி அடித்தார், அணைந்தது. மூன்றாவதாக முயற்சி செய்யக் கழற்றும்போது கை தவறி எல்லாம் தண்ணீரில் விழுந்துவிட்டது.

"மூணாவது தடவ அடிச்சீங்களே" என்றேன். "குருவிச் சத்தம் கேட்டுச்சே."

"ரெண்டு தடவதான்."

"இல்லண்ணே, மூணு."

"தம்பி, பேட்டரி தண்ணிக்குள்ள கெடந்துச்சு. எதுல அடிப்பேன்?"

என் போனை எடுத்துக் காட்டினேன். மூன்று அழைப்பு. மூன்றும் அவர் நம்பர். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். போனைக் குப்புறக் கவிழ்த்து என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

கணக்கு அக்காவிடமும் காட்டினேன். ரத்தம் போன ஆள், நினைவு தவறியிருக்கும், அடித்தது மறந்திருக்கும் என்றார். இருக்கலாம். அப்படியென்றால் போனில் பேட்டரி இருந்திருக்க வேண்டும். நான் கையால் எடுத்தபோது இல்லை. எனக்கு அதற்கு மேல் தெரியாது. பார்த்ததை எழுதுகிறேன்.

வேலை போனது. வேறு கிடங்கில் வேலை கிடைத்தது. அண்ணன் இப்போது லோரி ஓட்டுவதில்லை. கொஞ்சம் நொண்டுவார். நல்ல நாள் பெரிய நாளுக்குப் போய்ப் பார்ப்பேன்.

இன்றும் உபரி பேட்டரி வைத்திருக்கிறேன். ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்கிறேன், தகடு இல்லாத பக்கம். பச்சை எரிந்தாலும் நம்புவதில்லை. துணியால் தகட்டைத் துடைத்து, போனில் போட்டு, எழுகிறதா என்று பார்த்த பிறகுதான் யாருக்கும் கொடுக்கிறேன். அப்படி ஒவ்வொரு முறை போன் எழும்போதும், லைன் கிடைத்தவுடன் அதைக் காதில் வைக்க எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது, ஆனாலும் வைக்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு நான் செய்த தவற்றை எதுவோ ஒன்று அந்த வழியாகத்தான் வந்து சரிசெய்துவிட்டுப் போனது.