தேருக்குப் போன பகல்

என் கணவரின் இடது காலிலிருந்து செருப்பு கழன்று வரப்பிலேயே கிடந்தது. அது தெரியாமல் அவர் வீடு வரைக்கும் நடந்து வந்துவிட்டார். "நெனப்பு எங்கீங்க போச்சு?" என்று சிரித்தேன். நோய் அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. நான் சிரித்துக்கொண்டே வரவேற்றிருக்கிறேன்.

ஆறு மாதத்தில் இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. தண்டுவடம் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கொத்து) கெட்டுவிட்டது, மருந்து கிடையாது என்றார் கோயமுத்தூர் டாக்டர்.

"ரெண்டு மணிக்கொருக்கா பொரட்டிப் படுக்க வையுங்கம்மா. படுக்கைப்புண் வந்துட்டா உசுருக்கே ஆபத்து. அவருக்கு வலி தெரியாது. நீங்கதான் பாக்கோணும்."

படுக்கைப்புண் என்றால், ஒரே பக்கம் அழுந்திக் கிடப்பதால் சதை அழுகிப்போவது.

மூன்று வருடம் பார்த்தேன். வீட்டில் கடிகாரம் கிடையாது. பகலில் நிழலைப் பார்த்துப் புரட்டினேன், இரவில் உத்தேசமாக. கொழுந்தனாரும் அவர் மனைவி சின்னம்மாளும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். "நானே பாத்துக்கறனுங்க" என்று யாரையும் கிட்டே விடவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது அந்தப் பெருமை இருந்தால் இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

மாசியில் காரமடைத் தேர். "ஒரு நா போயிட்டு வா அம்மணி. உம்மூஞ்சியப் பாத்தா எனக்கே பயமா இருக்குது" என்றார் அவர். புரட்டிவிடும்படி கொழுந்தனாரிடம் சொல்லிவிட்டு, விடியும்போது வண்டி ஏறினேன். தேரைப் பார்த்தேன். அப்புறம் ஒரு புளியமரத்தடியில் படுத்து வெயில் சாயும் வரை தூங்கினேன். அவ்வளவு நல்ல தூக்கம் அதற்கு முன்னும் வாய்த்ததில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

நான் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், கிணற்றில் மாடு விழுந்துவிட்டதென்று கொழுந்தனாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போனவர் பொழுது சாய்ந்த பிறகுதான் திரும்பினார். ஊர் ஆண்களில் பாதிப் பேர் தேரில், மீதிப் பேர் அந்தக் கிணற்றடியில். சின்னம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறியிருக்கிறாள். ஆனால் கணவனின் அண்ணனைத் தொடுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. "ஏனுங் மாமா, ஏதாச்சும் வேணுங்களா?" என்று அவள் நாலு தடவை கேட்க, "ஒண்ணும் வேண்டாங் கண்ணு" என்று நாலு தடவையும் இவர் சொல்லியிருக்கிறார். மரியாதையில் இருவருமே குறை வைக்கவில்லை.

நாலாம் நாள் இடுப்பெலும்பின் மேல் சிவந்தது. பத்தாம் நாள் கறுத்தது.

"ஒரு பகல் போதுங்களா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"மூணு வருஷம் புண்ணில்லாம வெச்சிருந்தீங்களே, அத நெனைங்கம்மா" என்றார். போதும் என்றுதான் அர்த்தம்.

அதற்குப் பிறகு சின்னம்மாள் யாரையும் கேட்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு அவர் தோளைப் பிடித்தாள். "அன்னிக்கே தொட்டிருக்கோணுமுங்கக்கா" என்று ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் அழுதாள். ஊரில் ஒருவரும் அதைத் தப்பென்று ஒரு சொல் சொல்லவில்லை. இருவர் பிடித்தபோது அவர் எவ்வளவு லேசாக இருந்தார்! மூன்று வருடமும் இப்படிச் செய்திருக்கலாம்.

ஒரு நாள் அவரிடமே கேட்டுவிட்டேன். "பொரட்டிவுடுன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதுங்களா?"

"நீ இப்ப வந்துருவே, இப்ப வந்துருவேன்னே கெடந்தேன் அம்மணி."

புண்ணின் விஷம் ரத்தத்தில் கலந்து, காய்ச்சல் கண்டு, சித்திரை பிறக்கும் முன் போய்விட்டார்.

ஆறு மாதம் ஆகிறது. உடம்பு தேறிவிட்டதே என்கிறார்கள், வருகிறவர்கள். உண்மைதான். அவரைத் தூக்கித் தூக்கி வந்த இடுப்புவலி இப்போது சுத்தமாக இல்லை. குனிகிறேன், நிமிர்கிறேன், தண்ணீர்க் குடம் எடுக்கிறேன். இடுப்பு ஒன்றும் செய்வதில்லை. புரட்டிவிட ஆளில்லாமல் பகல் ஒரே நீட்டாகக் கிடக்கிறது. அந்த வலி எந்த நாளில் போனது என்றுகூட எனக்குத் தெரியாது. அது திரும்பி வந்தால் தேவலை என்று இருக்கிறது.