பூசணிப் பூவுக்கு நூல் பிடித்த மதினி

என் வீட்டுச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. வாய் திறந்த பூசணிப் பூ, அதற்குள் ஒரு தேனீ, பூவின் அடியில் நெல்லிக்காய் அளவில் பிஞ்சு. அறுபதுகளின் தொடக்கத்தில், அகரத்தில் எங்கள் தோட்டத்துக் கொடியில் எடுத்தது. எடுத்தவர் என் அண்ணன் மனைவி, மதினி.

மதினி பழனிக்காரர். அவருடைய அப்பா அங்கே போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாணச் சீரில் பாத்திரம் பண்டத்தோடு ஒரு பழைய கேமராவும் வந்து இறங்கியது. "மொட்டைத் தலையாவே பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சு அம்மிணி. இனி பூவும் பூச்சியும்தான்" என்று என்னிடம் சிரித்தார். அந்தக் கேமராவுக்கு ஒரே லென்ஸ். தூரத்தில் இருப்பதை இழுத்துக் கொடுக்கிற வித்தையெல்லாம் அதற்குத் தெரியாது. ரொம்பக் கிட்டப் போனாலோ படம் மங்கிவிடும். மதினி ஒரு பழைய வெள்ளெழுத்துக் கண்ணாடியிலிருந்து ஒரு சில்லைக் கழற்றி லென்ஸுக்கு முன்னால் ஒட்டினார். எத்தனை தூரத்தில் தெளிவாக விழும் என்று பார்த்து, அந்த நீளத்துக்கு ஒரு நூலைக் கேமராவில் கட்டிக்கொண்டார். நூலின் நுனி பூவைத் தொட்டதும் நூலை விட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் சாமர்த்தியம்!

ஒரு நாள் விடிந்ததும் விடியாததுமாக அப்படித்தான் பூசணிக் கொடியோரம் குந்தியிருந்தார். தேனீ பூவுக்குள் இறங்கியது, கேமரா 'டிக்' என்றது, பின்னாலேயே என் அப்பாவின் சத்தம். "ஏத்தா! பூசணிப் பிஞ்சுக்கு நேரா விரலை நீட்டுனாலே அழுகிப் போகும். நீ கண்ணாடியையே நீட்டுறியே! இது மட்டும் வெம்புச்சு, அந்தப் பொட்டி பழனிக்குப் போயிரும், ஆமா!" எங்கள் ஊரில் பிஞ்சைக் காட்டுவதென்றால் விரலை மடக்கித்தான் காட்டுவோம். மதினிக்கு முகம் செத்துப்போனது. புகுந்த வீட்டில் தனக்கென்று அவருக்கு இருந்தது அந்தக் கேமராப் பொட்டி ஒன்றுதான்.

தினமும் மதினியும் நானும் கொடிக்கு ஓடுவோம். பக்கத்துப் பிஞ்சு ஒன்று மஞ்சளடித்து விழுந்தது. எங்கள் பிஞ்சு நின்றது. நின்றதோடு விட்டதா? அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு தூக்குகிற அளவுக்குப் பெருத்தது.

அதற்குள் பழனியிலிருந்து படமும் கழுவி வந்தது. அடேயப்பா! தேனீயின் முதுகில் மயிர் மயிராகத் தெரிந்தது. உடம்பெல்லாம் திருநீறு அள்ளிப் பூசியது போல மகரந்தத் தூள். பிறந்ததிலிருந்து அந்தக் கொடிகளுக்கு நடுவே நடந்தவள் நான். ஒரு பூசணிக்காய் இப்படியா உண்டாகிறது என்று அன்றுதான் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது.

"இந்தத் தேனீதானுங்க மாமா காய் வெச்சது" என்றார் மதினி.

அப்பா படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்புட்டுத் தூளா!" என்றார். ஆனால் காய்த்த பெருமையை அவர் தேனீக்குக் கொடுக்கவில்லை. மறு வாரமே வாசலில் வந்து நின்றார். "தாயி, செத்த அந்தப் பொட்டியை எடுத்துக்கிட்டு வா. புடலையில பிஞ்சு நிக்க மாட்டேங்குது."

மதினி சிரிப்பை அடக்கிக்கொண்டு நூலைக் கட்டினார்.

மதினி இப்போது இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்த்து, "பிஞ்சு எங்கே?" என்று கேட்டால், விரலை மடக்கித்தான் காட்டுகிறேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிற பிஞ்சு இனி அழுகாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும், மதினியின் பொட்டி பழனிக்குப் போய்விடக் கூடாதே!