ஒட்டின கடிதமும் ரோசலியின் தேத்தண்ணியும்

என்னைக் கைவிடாத ஆண்டவருக்கு முதலில் நன்றி. பெரிய படிப்பில்லாதவள் எழுதுகிறேன், ஆறுதலாய் வாசியுங்கோ.

போன மாரியில் என் மனுசன் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கி இருந்துவிடுவார். இருதயத்தில் வால்வு பழுது. இந்த வயதில் ஒப்பரேஷன் செய்யலாமா, ஏலாதா என்று கடிதம் போடுவோம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். பிள்ளைகள் இரண்டும் கனடாவில். ஏலாது என்று வந்தால்? நான் உடைந்து போனேன்.

கடிதம் வந்தது. பிரெஞ்சு நாட்டில் நாங்கள் இருக்கிற லா சப்பலில் எங்கள் சபையில் ஒரு பழக்கம். வதிவிட கார்ட், விசா, ஆஸ்பத்திரி என்று எந்தக் கடிதம் வந்தாலும் வேதத்துக்குள் வைத்து ஜெபித்துப் போட்டுத்தான் திறப்போம். மற்றவர்களுக்கு ஒரு ஜெபம் போதும். நான் இருபது வருசமாய் ஜெபம் நடத்துகிறவள், எனக்கு அது காணுமா? மூன்று கிழமை ஒரு நேரச் சாப்பாட்டோடு, துணைக்கு ஓர் ஆளை அனுப்பும் ஆண்டவரே என்று முழங்காலில் நின்றேன். கடிதத்தைத் திறக்கவில்லை. ஒருவருக்கும் காட்டவுமில்லை.

ரோசலி பாண்டிச்சேரிக்காரி. தபால் கந்தோரில் வேலை செய்து பென்சன் எடுத்தவள். சபையில் வாய் திறந்து ஜெபிக்க மாட்டாள். தேத்தண்ணி ஊற்றுவாள், கதிரை அடுக்குவாள். "இதுவும் ஒரு ஊழியமோ?" என்று அவள் முகத்துக்கு நேரேயே கேட்டிருக்கிறேன். சிரித்துவிட்டுப் போவாள்.

அந்த ஞாயிறு ஆராதனை முடியத் தேத்தண்ணி கொண்டு வந்தவள் என் வேதத்தைப் பார்த்தாள்.

"என்னக்கா, கவரு ஒட்டினபடியே இருக்கு?"

"ஜெபத்தில இருக்கு. தொடாதையும்."

"ஆண்டவரு எப்பவோ பதில் போட்டுட்டாரு. நீங்கதான் பிரிக்கல."

எனக்குக் கோபம். ஆனாலும் கை தானாய் நீட்டிக் கொடுத்தது. அவள் வாசித்தாள். ஒப்பரேஷன் செய்யலாமாம். அடுத்த நாள் திங்கள் காலை ஏழு மணிக்கு வரட்டாம். வராவிட்டால் இடம் வேறொருவருக்காம்.

சபையில் பின்வரிசை வாங்கில் பேசாமல் இருக்கும் செல்வம் ரூ காய் தெருவில் ஒரு கடைக்கு வான் ஓடுகிறவர். விடிய வந்து எங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். ரோசலியும் வந்து பிரெஞ்சில் எல்லாம் கதைத்தாள். எனக்கு பொன்ஜூருக்கும் மெர்சிக்கும் மேலே தெரியாது. மனுசனை உள்ளே கொண்டு போகிற நேரம் அவள் என் கையைப் பிடித்தாள்.

"என் வேலை முடிஞ்சுதுக்கா. ஜெபம் பண்ண எனக்கு வார்த்தை வராது. இனி நீங்க."

அவளுக்குப் பக்கத்தில் நின்று, முதல்தரம் பெருமை இல்லாமல் ஜெபித்தேன்.

மனுசன் கண் விழித்து, விசயம் கேட்டுச் சொன்னார்: "இன்னும் ஒரு கிழமை ஜெபிச்சிருந்தியெண்டா, நான் நேரே ஆண்டவரிட்டையே போய்ப் பதிலைக் கேட்டிருப்பன்."

இப்போது அவரே ரூ காய்க்கு நடந்து போய்க் கத்தரிக்காய் வாங்குகிறார். முற்றல்தான் கொண்டு வருகிறார், ஸ்தோத்திரம்.

ஆளை அனுப்பும் என்று நான் அழுத அந்த மூன்று கிழமையும், ஆண்டவர் அனுப்பின ஆள் என் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றிருக்கிறாள். இப்போது ஞாயிறுகளில் நானும் கோப்பை கழுவுகிறேன். சரியாய்க் கழுவுவதில்லை என்று அவளுக்குக் குறை.

கலங்கி இருக்கிறவர்களே, வாருங்கோ. கடிதத்தை முதலில் ரோசலியிடம் கொடுங்கோ. பிறகு என்னிடம் வாருங்கோ. ஆண்டவர் இரண்டு இடத்திலும் இருக்கிறார்.