வில்மாவின் இரண்டாவது நன்றி

பீங்கான் ஆலை ஓடிக்கொண்டிருந்த காலத்தில் வில்மா கோஸ்னெல் கழிப்பறைத் தொட்டிகளுக்கு மெருகுப் பூச்சு அடித்தாள். ஒஹாயோ ஆற்றோரத்து அந்த ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. ஆலை மூடியபின் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டி பிடித்தாள். டிசம்பரில் மட்டும் அவள் திருமதி பிராட் ஆகிவிடுவாள்.

மேட்டுத்தெரு பிளெட்சர் மாளிகையில் வருஷந்தோறும் விக்டோரியா காலத்துக் கிறிஸ்துமஸ் விருந்து நாடகம் நடக்கும். சீட்டு வாங்கியவர்கள் பெரிய மனிதர்களைப் போல மேஜையில் உட்காருவார்கள். நடிப்பவர்கள் வேலைக்காரர்களாகச் சூப்பும் வறுத்த மாட்டிறைச்சியும் பரிமாறிக்கொண்டே கதையை நடத்துவார்கள். வில்மாவுக்குத் திருமதி பிராட் என்ற வீட்டு நிர்வாகி வேடம். மேஜைமேல் முழங்கையை ஊன்றுபவரை அவள் இடுப்புச் சாவிக்கொத்தைப் பிடித்தபடி முறைப்பாள். அந்த முறைப்புக்காகவே மறுவருஷமும் வருகிறவர்கள் உண்டு.

எஜமான் வேடம் மட்டும் நடிகருக்கு இல்லை. மாளிகையின் கூரைச் செலவுக்கு அந்த வருஷம் யார் அதிகம் கொடுக்கிறாரோ அவருக்கு. கடைசிக் காட்சியில் கணப்பு அருகே நின்று வேலைக்காரர்களுக்கு ஆளுக்கு ஓர் ஆரஞ்சுப்பழம் கொடுப்பார். அவர்கள் பாவாடையை இருபுறமும் பிடித்து, முழங்கால் மடித்துத் தாழ்ந்து, “உங்க தயவுக்கு நன்றி, ஐயா” என்பார்கள். பல் மருத்துவர், கார் வியாபாரி, வங்கிக்காரர் என்று எத்தனையோ பேருக்கு வில்மா முழங்கால் மடித்திருக்கிறாள். ஒரு குறையும் தோன்றியதில்லை.

இந்த வருஷம் டக்ளஸ் ரென்னர். ஆலையை மூடியவர்.

மூடியது கூட அவளுக்கு இரண்டாம்பட்சம். மூடிய வருஷம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஆலை வாசலில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு பன்றித்தொடை இறைச்சியைத் தன் கையாலேயே கொடுத்தார். வில்மாவும் வாங்கிக்கொண்டு, சிரித்து, “ரொம்ப நன்றி, மிஸ்டர் ரென்னர்” என்றாள். திங்கட்கிழமை கதவில் பூட்டு தொங்கியது. கொடுத்த அன்றைக்கே அவருக்குத் தெரியும். அந்த நன்றிதான் அவளுக்கு இன்றுவரை தொண்டையில் நின்றது.

ஒத்திகைக்கு ரென்னர் வரவில்லை. அவருக்குப் பதில் நாடகத்தை நடத்தும் பமேலாவே கணப்பு அருகே நின்றாள்.

“நான் குனிய மாட்டேன், பமேலா. இப்பவே சொல்லிட்டேன்.”

“வெறும் நடிப்புதானே, வில்மா.”

“நடிப்புதான். மடங்குறது என் முழங்காலாச்சே.”

பமேலா சிரித்துக்கொண்டே அடுத்த காட்சிக்குப் போய்விட்டாள்.

நாடகம் தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலை, கருப்பு உடுப்பின் முதுகுப் பொத்தான்களைக் கணவன் கிளைட் போட்டுவிட்டான். அவனும் அந்த ஆலைச் சூளைக்காரன்தான்.

“உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டு வீட்டுல கெடயேன்.”

“என் உடம்புக்கு என்ன? அவனுக்காக நான் ஏன் படுக்கணும்?”

“அப்ப போய்ச் சண்டை போடப் போறியா?”

“பரிமாறப் போறேன். நீ பொத்தானைப் போடு.”

அன்று அவள் பரிமாறியதில் ஒரு பிசகும் இல்லை. ரென்னரின் தட்டுக்கும் மற்றவர்களுக்குப் போலவே குழம்பு ஊற்றினாள். கடைசிக் காட்சி வந்தது. சமையற்காரியாக நடித்த டாட்டி தாழ்ந்தாள், பழம் வாங்கினாள். அவளும் பழைய ஆலைக்காரிதான். தாழ்ந்ததற்காக வில்மா அவளைக் குறை சொல்லவில்லை. பிறகு ரென்னர் வில்மா பக்கம் பழத்தை நீட்டினார்.

வில்மா வாங்கிக்கொண்டாள். நின்றாள்.

பியானோ நின்றது. திரை மறைவிலிருந்து பமேலா வாயசைத்து வசனத்தை எடுத்துக் கொடுத்தாள். ரென்னர் புருவத்தை உயர்த்தி, சொல்லுங்கள் என்பதுபோலத் தலையை ஆட்டினார். வில்மா அவரைச் சுற்றிப்போய் எஜமானின் நாற்காலியில் உட்கார்ந்து பழத்தை உரிக்கத் தொடங்கினாள். ஒரு சுளையை வாயில் போட்டாள்.

கூடமே வெடித்துச் சிரித்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள். சுளை அவள் வாயில் சக்கையாகிவிட்டது.

சமையலறையில் பமேலா அவளைக் கட்டிக்கொண்டாள். “என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க. பத்து வருஷத்துல இப்படி யாரும் சிரிச்சதில்ல. நாளைக்கும் அப்படியே வெச்சுக்கலாம், எழுதிச் சேத்துடுறேன்.”

பின்னாலேயே ரென்னர் உயரத் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “என்னை நல்லாக் கவுத்துட்டீங்க, திருமதி பிராட்” என்று தோளில் தட்டினார்.

“திருமதி பிராட் எப்பவும் குனியுறவதான்” என்றாள் வில்மா. “நின்னது நான். வில்மா கோஸ்னெல். மெருகுப் பிரிவு.”

ரென்னரின் கை தோளிலிருந்து இறங்கியது. “நம்ம ஆலையிலயா?”

“கடைசிக் கிறிஸ்துமஸுக்கு இறைச்சி குடுத்தீங்க. நன்றி சொன்னேன். ஒரு தடவை சொன்னது போதும்.”

“அந்த நேரத்துல நிலைமை என் கையில இல்லம்மா.”

“இருக்கலாம். இறைச்சி கையில இருந்துச்சே.”

கழுவிக்கொண்டிருந்த தட்டை டாட்டி சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

“இப்ப என்ன எதிர்பாக்குறீங்க என்கிட்ட?” என்றார் ரென்னர்.

“ஒண்ணும் வேணாம். நீங்க சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போயிடக் கூடாது பாருங்க, அதுக்குத்தான் சொன்னேன்.”

அவர் போனபின் பமேலா தாழ்ந்த குரலில் கேட்டாள். “அப்ப நாளைக்கு?”

“நாற்காலி இல்ல, பழம் உரிக்கிறதும் இல்ல. சும்மா நிப்பேன்.”

“ஜனங்க சிரிக்க மாட்டாங்களே.”

“வேணாம்.”

“வேற ஆளைப் போட வேண்டி வரும், வில்மா.”

“போடு. அவ நாளைக்குள்ள முறைக்கக் கத்துக்கிட்டா சரி.”

பமேலா ஆளைத் தேடினாளோ இல்லையோ, சனிக்கிழமை மாலையும் கருப்பு உடுப்பில் வந்து நின்றது வில்மாதான். கடைசிக் காட்சியில் ரென்னர் பழத்தை நீட்டினார். அவள் ஒரு கையால் வாங்கிக்கொண்டு நேராக நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். முறைக்கவில்லை. முந்தின ராத்திரிக் கதையைக் கேள்விப்பட்டு, சிரிப்பு வரும் என்று காத்திருந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு மெல்லக் கரண்டிகளைக் கீழே வைத்தார்கள். யாரோ இருமினார்கள். ரென்னர் கம்பளத்தைப் பார்த்தார். விருந்தினர்களுக்கு வாழ்த்துச் சொல்லி முடிக்கவேண்டிய வசனம் அவருக்கு மறந்துபோயிருந்தது. ஒட்டுமொத்த நாடகமும் வில்மாவுக்கு மனப்பாடம். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை.